மடி மட்டும் போதுமாம்

ஜனவரி 9, வெள்ளி. காந்தலூர்.

காலை ஒன்பது வரை மூடுபனி. தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. கிருஷி பவன், எங்கள் விவசாய ஆபீஸ், திறக்கும் முன்பே வாசலில் நான்கு விவசாயிகள். பூண்டுப் பாத்தியைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டதாம். நான்கு பேருக்கும் நான் முதலில் அவரவர் தோட்டத்துக்குத்தான் வர வேண்டும்.

இன்றைய வேலை:
பன்றிச் சேதம், நான்கு தோட்டம், போட்டோவுடன்.
ஸ்ட்ராபெரி நாற்று லிஸ்ட்.
செருப்பு தைக்க.
கவிதாவுக்குப் பதில்.

கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்தது. செருப்புகூட.

கவிதா அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டாயிற்று. "அண்ணா, தன்யாவுக்கு இருவத்தஞ்சாந்தேதி காதுகுத்து. எங்க குலதெய்வக் கோயில்ல. நீ முந்துன நாளே வந்துரு. உன்ற மடியிலதான் வெக்கோணும். வேற ஆரு இருக்கறா?"

வேறு யாரும் இல்லை. ஒரே தங்கை, ஒரே அண்ணன். அவள் மகளுக்கு மூன்று வயது. தாய்மாமன் மடி என்று உலகத்தில் இருப்பது என்னுடையது ஒன்றுதான். அதுதான் தொல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

வெயில். துணி துவைத்தேன். காயவில்லை.

கவிதா காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். பின்னால் மிக்சி ஓடுகிறது. பதில் கேட்காமல் விடமாட்டாள்.

"நான் கோயில் காரியத்துக்கு வரமாட்டேன்னு உனக்குத் தெரியுமல்ல?"

"தெரியும். அதுக்கென்ன?"

"அதுக்கென்னன்னா? நம்பாதவன் அங்க வந்து எப்படி உக்காருவான்?"

"உன்னைய ஆரு நம்பச் சொன்னா? கும்புடவும் வேண்டாம், துந்நூறு வெச்சுக்கவும் வேண்டாம். மடிய மட்டும் குடு."

என்னோடு சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டாமா? மூன்று வருடம் முன்பு, குடும்ப வாட்ஸாப் குழுவில், யோசித்து யோசித்து நான்கு பத்தி எழுதினேன். இனி எனக்குக் கடவுளும் இல்லை, மதமும் இல்லை, எந்தச் சடங்கிலும் உட்காரமாட்டேன் என்று. வந்த பதில்கள்: கும்பிடும் கை இரண்டு. ரோஜாப்பூவுடன் இனிய காலை வணக்கம் ஒன்று. சித்தப்பா, "தேங்காய் பறிக்க ஆள் இருந்தா சொல்லு". அம்மாவிடமிருந்து நீல டிக் மட்டும். ஒருத்தராவது திட்டியிருந்தால் விட்டுவிட்டேன் என்று எனக்கே உறுதியாகியிருக்கும். மதத்தை விட்டுவிட்டேன் என்றால், சரி சாப்பிட்டியா என்கிறார்கள். இவர்களிடமிருந்து எப்படித்தான் வெளியேறுவது?

மிக்சி நின்றது. க. குரல் தணிந்தது. "அண்ணா, அப்பா போயி மூணு வருசம். அதுக்கப்பறம் நம்மூட்டுச் சார்புல இந்த ஊட்டு வாசப்படி ஏறுனவங்க ஆரு? அம்மாவுக்கு முட்டி வலி. நீ மலையில இருக்கற. பொறந்தூட்டுல ஆள் இருக்குதான்னு இங்க எல்லாரும் பாப்பாங்க. சாமிக்காக உன்னையக் கூப்புடல. எனக்காகக் கூப்புடறேன்."

டவர் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

அவளிடம் சொல்லாதது. அப்பா இறந்த அன்று எல்லாம் செய்தேன். நெருப்புச் சட்டி தூக்கினேன், மொட்டை அடித்தேன், சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். அதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்கு நம்பிக்கை போயிருந்தது. அப்பாவுக்கும் அது தெரியும். தறுதலை என்று சிரிப்பார். அவர் உடல் முன்னால் நின்று நான் பொய் சொன்னேன். இனி ஒருமுறை அப்படிச் செய்யக்கூடாது என்றுதான் அந்த நான்கு பத்தி. இதை யாரிடம் விளக்குவது?

ஜனவரி 13, செவ்வாய்

மாப்பிள்ளை செந்தில் கூப்பிட்டார். ஆபீஸ் நேரம். தங்கமான மனிதர். அதனால்தான் கோபப்படவும் முடிவதில்லை.

"மச்சானுங், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. உங்க கொள்கை உங்களுக்கு. பூசாரியக் கேட்டனுங்க. வழி இருக்குதுங்களாமா."

வழி 1: வீடியோ கால். போன வருடம் ஒரு மாமன் துபாயிலிருந்து மடியைக் காட்டினாராம். பலகையில் பிள்ளை, பக்கத்தில் போன். நல்லபடியாக முடிந்ததாம்.

வழி 2: மாமனின் வேட்டி. மடித்துப் பலகைமேல் போட்டு அதில் பிள்ளையை உட்கார வைப்பது. புதுசு ஆகாது. மாமன் கட்டிய வேட்டியாக இருக்க வேண்டும். "மேலுக்குப் பட்டிருக்கோணுங்களாமா."

இரண்டாவதுக்கு உடனே ஒத்துக்கொண்டேன். விட்டது தொல்லை. நாளை பஸ்ஸில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னேன். உடுமலையில் அவருக்கு வேலை இருக்கிறது, ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வார்.

மத்தியானத்துக்குப் பிறகு காரணமில்லாமல் எரிச்சல். நான் வராவிட்டால் பரவாயில்லை, என் வேட்டி வந்தால் போதும் என்கிறார்கள். அவ்வளவு சுலபமா? பூண்டு விதை கேட்டு வந்த பெரியவரிடம் வள்ளென்று விழுந்தேன். அவர் பாவம், "என்ன சார் ஒடம்பு சரியில்லையா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 14, புதன்

குளிர் கொஞ்சம் குறைவு. நாளை பொங்கல், லீவு உண்டு. ஊருக்குப் போகவில்லை. போனால் பேச்சு.

வேட்டி தேடினேன். ஆபீசுக்குப் பேண்ட், அறையில் லுங்கி. எனக்கென்று இருப்பது ஒரே வேட்டிதான், பெட்டியின் அடியில். அப்பா இறந்த அன்று கட்டியது. நெருப்புச் சட்டியிலிருந்து பொறி தெறித்து, முழங்காலுக்குக் கீழே மிளகளவு ஓட்டை. சுடுகாட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்றார்கள். அது மூடநம்பிக்கை என்று சொல்லி எடுத்து வந்து, துவைத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். துணி துணிதானே? அவர்கள் கேட்டது நான் கட்டிய வேட்டி. நான் கட்டிய வேட்டி இது. பேப்பரில் சுற்றி, பெயர் எழுதி, காலை உடுமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். மறையூர் தாண்டும்போது அவரே கூப்பிட்டு, பார்சல் பத்திரமாக இருக்கிறது என்றார். நல்ல மனிதர். இந்தப் பக்கத்தில் நல்ல மனிதர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

ஜனவரி 17, சனி

மூன்று நாளாக க.விடமிருந்து சத்தமே இல்லை. பார்சல் கிடைத்ததா என்று கேட்டதற்கும் பதிலில்லை. இன்று அம்மா கூப்பிட்டாள்.

"என்ன காரியம் பண்ணிப்போட்ட கண்ணு?"

"என்னம்மா?"

"அந்த வேட்டியவா குடுத்துவுடுவ? உங்கப்பனத் தூக்கிக்கிட்டுப் போனன்னிக்குக் கட்டுன வேட்டியவா? பச்சப் புள்ளைய அதும்மேல உக்கார வெக்கறக்கா?"

கவிதா பார்சலைப் பிரித்தபோது பக்கத்திலேயே மாமியார். ஓட்டையைப் பார்த்ததும் எந்த வேட்டி என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமியார் கண்ணில் படுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டாள். வேறெதையோ மாற்றி அனுப்பிவிட்டான், வேட்டியை பஸ்ஸில் தொலைத்துவிட்டார்கள் என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "மாமனும் வரல, மாமன் வேட்டியும் வரலியா?"

நான் அம்மாவிடம் வாதாடினேன். துவைத்த பருத்தித் துணி அம்மா. சோப்புப் போட்டுத் துவைத்தது. அதில் என்ன இருக்கிறது? இருபத்தோராம் நூற்றாண்டில்... என்று ஆரம்பித்தேன்.

"உனக்கு ஒண்ணுமில்ல சாமி. அவளுக்கு அவ அப்பன் அதுல இருக்கறான்."

வைத்துவிட்டாள். அம்மா எனக்கு முன்னால் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. எப்போதும் நான்தான் வைப்பேன்.

ஜனவரி 19, திங்கள்

மழை போலத் தூறல். பன்றிச் சேதம் பார்க்கப் பாண்டியும் நானும். பா. என்னோடு வேலை பார்ப்பவன், தேவிகுளம் பக்கம் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆபீசில் சாமி படத்துக்குப் பூ வைக்காத ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் இவனாவது என் பக்கம் நிற்பான் என்று நினைத்து, கேரட் தோட்ட வரப்பில் நடந்துகொண்டே முழுக் கதையும் சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, நீங்க இருக்கீகளே! நெசமாவே அந்த வேட்டியவா அனுப்புனீக?"

"துணிதான பாண்டி?"

"துணிதான். இல்லேங்கல. ஆனா ஒண்ணு கேக்கேன். துணிதான்னா மூணு வருசமா நீங்க ஏன் அதக் கட்டல?"

பெட்டியின் அடியில் இருந்தது, மறந்துவிட்டேன் என்றேன்.

"போன ஓணத்துக்கு ஆபீஸ்ல எல்லாரும் வேட்டி கட்டணும்னாங்க. நீங்க எங்கிட்டல்ல எரவல் வாங்கிக் கட்டுனீக? கரை பச்சை வேண்டாம், வெள்ளக் கரை குடுன்னு வேற கேட்டீக."

 கேரட் நன்றாக வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

ஓணத்தன்று பெட்டியைத் திறந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேட்டியைப் பார்த்தேன். மூடிவிட்டேன். பாண்டி வீட்டுக்கு நடந்தேன். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்காமல் செய்ததுதான் இப்போது தொந்தரவு செய்கிறது. எனக்கு ஆகாததை மூன்று வயதுப் பிள்ளைக்குக் கீழே போட அனுப்பியிருக்கிறேன்.

திரும்பும்போது எனக்கு வீராப்பு. நீயும்தானே நம்பாதவன், உன் மகள் பள்ளிக்கூட ஃபாரத்தில் மதம் இல்லை என்று ஏன் எழுதவில்லை, நான் எல்லா ஃபாரத்திலும் எழுதுகிறேனே என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நீங்க எழுதிட்டு நடந்துருவீக. ஒங்களுக்குப் போறதுக்கு ஒண்ணுமில்ல. எம்மவளுக்கு நான் மதம் இல்லேன்னு எழுதினா எஸ்.சி. சலுகை போயிரும், நாளைக்கு ஜாதி சர்ட்டிபிகேட்டுக்கு ஆபீஸ் ஆபீசா யாரு அலைவா? ஏற்கெனவே ஒன் தாத்தன் எப்ப தமிழ்நாட்டுலருந்து மல ஏறுனான், பேப்பர் கொண்டான்னு நிக்க வைக்கான். சாமி இல்லேன்னு எனக்குந் தெரியும்ணே. சொல்லுறதுக்குக் கையில கொஞ்சம் வசதி இருக்கணும்ல."

கோபமாகச் சொல்லவில்லை. சேறு ஒட்டிய செருப்பை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னான். மூன்று வருடமாக நான் ஏதோ பெரிய துணிச்சல் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தூ.

ஜனவரி 20, செவ்வாய்

மத்தியானம் க.வைக் கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை எடுத்தாள்.

"நான் வர்றேன்."

"எதுக்கு?"

"மடிக்கு."

 பின்னால் தன்யா ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"வர்றதுன்னா வா. மறுபடியும் பார்சல் அனுப்பிப்போடாத."

லீவு ஃபாரத்தில் காரணம்: குடும்ப விசேஷம். அதுதான் உண்மை. அதற்கு மேல் எழுத இடமும் இல்லை.

எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனைகள்: கும்பிடுவதில்லை. திருநீறு இல்லை. தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதில்லை. மந்திரம் திருப்பிச் சொல்வதில்லை. உட்காருவேன், பிள்ளையைப் பிடித்துக்கொள்வேன், எழுந்துவிடுவேன்.

ஜனவரி 25, ஞாயிறு. கொழிஞ்சாம்பாறை, வீடு. மாலை.

முடிந்தது. அம்மா உள்ளே முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

நேற்று காலை முதல் பஸ். சின்னார் செக்போஸ்ட்டில் அரை மணி நேரம். உடுமலை, பொள்ளாச்சி, மாறி மாறி வந்து சேர்ந்தபோது இடுப்பு போய்விட்டது. இன்று காலை அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, வேலந்தாவளம் தாண்டி, கோவில். தென்னந்தோப்பு நடுவே சின்னக் கோவில், பந்தல், நூறு பேர். க. பந்தல் வாசலில் நின்றிருந்தாள். வா என்றுகூடச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம், "எங்கண்ணன்" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெண் போனதும் இன்னொருத்தியிடம், மறுபடி, "எங்கண்ணன்".

நிபந்தனைகளைச் சொல்லிவிடலாம் என்று மாமியாரிடம் போனேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"அத்தை, ஒரு விசயமுங்க. நான் கும்புடமாட்டேனுங்க. துந்நூறும் வெச்சுக்கமாட்டேன்."

"ஆருங்க உங்களைக் கும்புடச் சொன்னது? நாங்க கும்புட்டுக்கறம். நீங்க மடியக் குடுங்க. டிபன் சாப்புட்டீங்களா?"

கொள்கையைச் சொல்லப்போன எனக்கு இலை போட்டு மூன்று இட்லி. சட்னி நன்றாக இருந்தது. எரிச்சலில் நான்காவதும் கேட்டு வாங்கினேன்.

பிறகு க. என்னைப் பாத்திரக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். கையில் இரண்டு பை. ஒன்றில் மாப்பிள்ளை வாங்கிய புது வேட்டி, சிவப்புக் கரை. இன்னொன்றில் அது. துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து மடித்திருந்தாள். ஓட்டை இருந்த இடத்தில் வெள்ளை நூலில் தைத்திருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் மட்டும் தெரியும்.

"இதுல எதைய வேணும்னாலும் கட்டிக்கோ. அத்தைக்குத் தெரியாது."

"கவி, அது..."

"நீ சொன்னயாமா, துணி துணிதான்னு. அம்மா சொல்லுச்சு. நானும் ரெண்டு நாள் அழுதுபோட்டு யோசிச்சேன். அப்பா இருந்திருந்தா இன்னிக்கு இங்க மொத வரிசையில உக்காந்திருப்பாரு. அந்தத் துணியாவது இருக்கட்டும்னு தோணுச்சு. எம்புள்ளைக்கு அதனால ஒண்ணும் ஆகாது. நான் மனசத் தேத்திக்கிட்டேன். நீ கட்டிக்கோ."

சாமியாடும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பவள். அவள் இதைச் சொல்கிறாள், சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள்.

என் கை சிவப்புக் கரைப் பைக்குப் போனது. யோசிக்கக்கூட இல்லை. தானாகப் போனது.

க. பழையதைத் திருப்பிப் பைக்குள் வைத்தாள். லேசாகச் சிரித்தாள், பத்து நாளில் முதல் சிரிப்பு. "சீக்கிரம் கட்டிக்கிட்டு வா. நேரமாச்சு."

உட்கார்ந்தேன். பூசாரி என் பக்கம் திரும்பி, "மாமன் எந்தக்..." என்று ஆரம்பித்தார். எந்தக் கூட்டம் என்று அவர் முடிப்பதற்குள் எங்கள் சாதிக் கூட்டத்தின் பேரைச் சொல்லிவிட்டேன், கணீரென்று. கும்பிடக்கூடாது, திருநீறு கூடாது என்று நான்கு நிபந்தனை போட்டவனுக்கு, இதைச் சொல்லக்கூடாது என்று ஒரு நிபந்தனை போடத் தோன்றவே இல்லை. பாண்டி கேட்டிருந்தால் சிரித்திருப்பான். இல்லை, சிரித்திருக்கமாட்டான்.

காது குத்துகிறவர் பக்கத்தில் வந்ததுமே தன்யாவுக்குத் தெரிந்துவிட்டது. முதல் காதுக்கு அலறினாள். இரண்டாவதுக்கு என் கட்டைவிரலைக் கடித்தாள், நான்கு பல் பதிந்திருக்கிறது. நான் பிடியை விடவில்லை. அவளும் விடவில்லை. முடிந்த பிறகும் எல்லாரும் கூப்பிட்டும் இறங்காமல், என் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். க. பிள்ளையைப் பார்க்கவில்லை. புகுந்த வீட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கழுத்தை நிமிர்த்தி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கிளம்பும்போது பழைய வேட்டிப் பையை என் கையில் கொடுத்தாள். "இத நீயே வெச்சுக்கோ."

ஜனவரி 27, செவ்வாய். காந்தலூர்.

மூடுபனி. வாசலில் மறுபடியும் நான்கு பேர், மறுபடியும் பன்றி. கட்டைவிரல் வீங்கியிருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. பாண்டிக்கு லட்டு, முறுக்கு. போட்டோ காட்டச் சொன்னான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தான்.

"இது புது வேட்டியால்லண்ணே இருக்கு?"

"ஆமா."

 லட்டைப் பிட்டுத் தின்றுகொண்டே வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

பழையது கட்டில்மேல் இருக்கிறது. பெட்டிக்குள் வைக்கவில்லை. க. போட்ட தையலைத் தடவிப் பார்த்தேன், நெருடவே இல்லை. காலையில் குளித்ததும் இதைத்தான் கட்டுவது, கட்டிக்கொண்டே ஆபீஸ் போவது என்று நினைத்திருந்தேன். குளித்தேன். பேண்ட் போட்டுக்கொண்டு போனேன். குளிர் அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வேட்டிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்?